கீழே அடுப்பு, மேலே தொட்டில்

'டெரஸ்' என்றதும் நமக்கு வடாம் காயப் போடும் மொட்டை மாடிதான் நினைவுக்கு வரும். லண்டனில் கதையே வேறு. சுவரோடு சுவர் ஒட்டி, தெரு நெடுக ஒரே அச்சாக நிற்கும் செங்கல் வீடுகளுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவற்றை வரிசை வரிசையாகக் கட்டித் தள்ளினார்கள்.

செங்கல் ஏன் என்கிறீர்களா? 1666-ல் லண்டனில் மூண்ட பெருந்தீயில் மர வீடுகள் கூட்டம் கூட்டமாகச் சாம்பலாயின. இனி செங்கல் அல்லது கல்தான் என்று மறு வருஷமே சட்டம் வந்தது. 1774-ல் வந்த சட்டம் இன்னும் கறார். குடியிருக்கும் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்து, எந்தத் தரத்துக்குச் சுவர் எவ்வளவு கனம் என்று விதித்தது. ஜன்னல் சட்டங்களைக்கூடத் தீ எட்டாதபடி செங்கலுக்குப் பின்னால் ஒளித்து வைக்கச் சொன்னது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைக் கூரைக்கு மேலேயும் நீட்டிக் கட்டினார்கள். ஒரு வீடு பற்றினாலும் அடுத்த வீடு பிழைக்க வேண்டுமே!

வெளியிலிருந்து பார்த்தால் அடக்கமான அழகு. கதவுக்கு மேலே விசிறி போல் ஒரு கண்ணாடி வளைவு. முதல் மாடி ஜன்னல்கள்தான் எல்லாவற்றிலும் உயரம். விருந்தாளிகளை உட்கார வைக்கும் கூடம் அங்கேதான். மேலே போகப் போக ஜன்னல்கள் சிறுத்துவிடும். ஜன்னல் எண்ணிக்கைக்கு வரி வேறு! 'வெளிச்சமும் காற்றும் இல்லாத வீட்டில் நோய்தான் வளரும்' என்ற கண்டனத்துக்குப் பிறகு, 1851-ல் அந்த வரி ஒழிந்தது.

இனி உள்ளே போவோம், வாருங்கள். டௌட்டி தெரு 48-ம் எண் வீடு இதே காலத்தியது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், மனைவி கேதரினுடன் 1837-ல் இங்கே குடி வந்தார். கேதரினுக்கு அப்போது 21 வயது, இடுப்பில் கைக்குழந்தை. 1839 முடிவதற்குள் இன்னும் இரண்டு பெண் குழந்தைகள் இதே வீட்டில் பிறந்தார்கள்.

சமையலறை எங்கே தெரியுமா? தெரு மட்டத்துக்குக் கீழே, நிலவறையில்! அதற்கு மேல் சாப்பாட்டு அறை, அதற்கு மேல் கூடம், அதற்கும் மேல் படுக்கை அறைகள், உச்சியில் குழந்தைகள் அறையும் வேலைக்காரர் அறையும். ஆக ஐந்து நிலை. மனை அகலம் குறைவு, அதனால் வீடு மேல்நோக்கி வளர்ந்தது. அடுப்புக்கரி வைக்கும் இடம் நடைபாதைக்கு அடியில். ஒவ்வொரு அறைக் கணப்புக்கும் அங்கிருந்து கரியைச் சுமக்க வேண்டும். குளிக்க வெந்நீர் மேலே போக வேண்டும், அழுக்கு நீர் கீழே வர வேண்டும். குழந்தைக்குக் கஞ்சி சூடாகக் கொண்டு போவதற்குள், அம்மாடி, மூச்சு வாங்கிவிடும்!

இத்தனையையும் சுமந்தவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்த இளம் பெண்கள். நான்கு மாடி உயரத்துக்கு நிற்கும் அந்த நேர்த்தியான செங்கல் முகப்புக்குப் பின்னால் இருந்தது அவர்களுடைய முழங்கால் வலிதான். கட்டியவர்கள் தீயை நினைத்தார்கள், அழகை நினைத்தார்கள், படியேறுகிறவளை நினைக்கவில்லை.

இந்த வீட்டை இடிக்க இருந்தார்கள். டிக்கன்ஸ் அன்பர்கள் வாங்கிக் காப்பாற்றி, 1925-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நிலவறைச் சமையலறையையும் துணி வெளுக்கும் அறையையும் அங்கே பார்க்கலாம்.

புது வீடு கட்டப் போகிறீர்களா, வாடகைக்குப் பார்க்கிறீர்களா? முகப்பைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், சகோதரிகளே. அடுப்பங்கரையிலிருந்து தொட்டிலுக்கு எத்தனை படி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சமையலறைக்கு வெளிச்சம் உண்டா என்று முதலில் பாருங்கள். நாள் முழுக்க அந்த வீட்டில் நடக்கப் போவது நம் கால்கள்தானே!