மண்டைக்குன்னே ஒரு மெஷின்!

மூளையோட வடிவம் தெரியணுமா? எம்.ஆர்.ஐ. போதும். எந்த மூலையில எவ்வளவு சர்க்கரை எரியுதுன்னு தெரியணுமா? அதுக்கு 'பெட்' ஸ்கேனர் வேணும்.

கதிரியக்க ஃப்ளோரின் ஒட்டின சர்க்கரையை ஊசியில ஏத்துவாங்க. (பார்கின்சன்ல டோபமைனைப் பார்க்கணும்னா மருந்து வேற.) அதிலிருந்து கிளம்பற பாசிட்ரான், பக்கத்துல ஒரு எலெக்ட்ரானைப் பார்த்ததும்... ரெண்டு பேரும் காலி! எதிரெதிர் திசையில ரெண்டு காமா கதிர் பறக்கும். தலையைச் சுத்தி வளையமா நிக்கிற கிறிஸ்டல்கள்ல ரெண்டு, சில நானோ செகண்டுக்குள்ள மின்னினா நடுவுல ஒரு கோடு. கோடி கோடியா கோடுகள் சேர்ந்தா படம்.

1960-களின் ஆரம்பத்திலேயே அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 32 டிடெக்டர் வச்சு மூளைக்கு ஒரு வளையம் செஞ்சாங்க. செல்லப் பேரு 'ஹெட் ஷ்ரிங்கர்'. மனநல டாக்டர்களை அங்கே அப்படித்தான் கலாய்ப்பாங்க!

உடம்பு முழுக்க எடுக்கிற ஸ்கேனர் இருக்கே, தலைக்குத் தனியா எதுக்கு? அந்த ரெண்டு கதிரும் கறாரா 180 டிகிரியில போறதில்லை. கால் டிகிரி அப்படி இப்படி விலகும். 80 செ.மீ. வளையத்தில் இதுனால மட்டுமே 1.8 மி.மீ. மங்கிடும். அல்சைமர் ஆரம்பத்திலேயே அடிவாங்குற 'லோகஸ் செருலியஸ்'ங்கிற செல் கூட்டத்தோட அகலமே சுமார் 2 மி.மீ.தான் பாஸ்!

சரி, வளையத்தைச் சின்னதாக்கிட்டா? அங்கதான் ஆப்பு. ஓரத்துலேருந்து வர்ற கதிர் சாய்வா விழுந்து, முதல் கிறிஸ்டலைத் துளைச்சு, பக்கத்து வீட்டுல போய் மின்னும். கோடு தப்பாயிடும். கிறிஸ்டலைக் குட்டையாக்கினா கதிர் சிக்காமலே எஸ்கேப்!

1990-களின் கடைசியில் வந்த 'எச்.ஆர்.ஆர்.டி.' ஸ்கேனர்தான் இதுக்கு அட்டகாசமான வழி சொன்னது. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு அடுக்கு கிறிஸ்டல், ஒவ்வொண்ணும் 1 செ.மீ. தடிமன். மின்னி அடங்கற வேகம் மட்டும் வேற வேற. வெளிச்சம் எப்படி அடங்குதுன்னு பார்த்தே கதிர் எந்த அடுக்கில் சிக்குச்சுன்னு கண்டுபிடிச்சிடலாம்! 47 செ.மீ. வளையத்துல சுமார் 1.2 லட்சம் கிறிஸ்டல். துல்லியம் ஏறக்குறைய 2.5 மி.மீ. அந்த லுட்டீசியம் கிறிஸ்டலைக் கண்டுபிடிச்ச சார்லஸ் மெல்ச்சர் அப்போ வேலை பார்த்தது, எண்ணெய்க் கிணறு ஆராயுற ஷ்லம்பர்ஜர் கம்பெனியில. எங்கேயோ இருக்கிற பெட்ரோலுக்கும் நம்ம மூளைக்கும் முடிச்சு!

எல்லாம் ஓகே. ஆனா, கை கால் நடுங்குற பார்கின்சன் பெரியவரை ஒரு மணி நேரம் தலையை அசைக்காம படுங்கன்னா நடக்கற காரியமா? அவர் 3 மி.மீ. அசைஞ்சா மொத்தத் துல்லியமும் அம்பேல். யேல், கலிபோர்னியா (டேவிஸ்) பல்கலைக்கழகங்களும் யுனைடெட் இமேஜிங் நிறுவனமும் சேர்ந்து 2020-களில் உருவாக்கின 'நியூரோ எக்ஸ்ப்ளோரர்' இங்கேதான் ஸ்கோர் பண்ணுது. 2 மி.மீ.க்கும் கீழான துல்லியம், அரை மீட்டர் நீளக் குழாய். தலை அசையறதை கேமரா கண்காணிச்சுக்கிட்டே இருக்கும். அசைஞ்ச அளவைக் கழிச்சுக் கோடுகளை இடம் மாத்தறது சாஃப்ட்வேர் வேலை.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல இன்னும் ஒரு படி மேல போய், தலையில மாட்டுற ஹெல்மெட் பெட்டையே செஞ்சு பார்த்திருக்காங்க. தலை திரும்பினா டிடெக்டரும் கூடவே திரும்பிடும்!