வாகனம் செய்பவர் எந்தப் பக்கம்?

சென்ற தவணையில் ஒரு நாள் கலைகளைப் பற்றிப் பாடம் நடத்தினோம். கரும்பலகையின் நடுவே கோடொன்று இழுத்து, ஒரு பக்கத்தில் 'நுண்கலை' என்றும் மறுபக்கத்தில் 'கைவினை' என்றும் எழுதினோம். ஓவியம், சிற்பம், இசை, கவிதை, நடனம் என்பன முதற் பக்கத்தைப் பெற்றன. தச்சு, கொல்லு, நெசவு, மட்பாண்டம் என்பன மறுபக்கத்தை அடைந்தன. அப்பொழுது கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, கடதாசியில் குதிரை வரைபவர் முதற் பக்கம். எனது தகப்பனார் கோயிலுக்குக் குதிரை வாகனம் செய்கிறவர். அவர் எந்தப் பக்கம்?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. எமக்குச் சிரிப்பும் வரவில்லை, விடையும் வரவில்லை.

வீடு சென்று நூல்களைப் புரட்டியபோது, நாம் இழுத்த கோடு எத்துணை இளையது என்பது புலனாயிற்று. இத்தாலியப் புளோரன்ஸ் நகரத்து ஓவியர்கள் 14ஆம் நூற்றாண்டில் மருத்துவரோடும் மருந்து வணிகரோடும் ஒரே தொழிற்குழுவில் இருந்தனர். 1746இலேதான் பிரான்சு தேசத்துச் சாள்ஸ் பத்தே என்பார் மேற்கூறிய ஐந்தையும் அழகுக் கலைகள் என ஒருங்கு தொகுத்து நூல் செய்தார். எமது கரும்பலகைப் பட்டியல் அவருடையதே! நம் முன்னோரோ அறுபத்துநான்கு கலைகளை எண்ணியபோது பாட்டையும் ஆடலையும் ஓவியத்தையும் தச்சுவேலையையும் ஒரே வரிசையில் வைத்தனர்.

இக்கோட்டை ஐயுற்றவருள் ஒருவர் நம் நாட்டவர். 1877இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆராய்ச்சிக்காக 1903 முதல் 1906 வரை இலங்கையின் ஊர்களிற் சுற்றினார். கல்லைத் தேடிச் சென்றவர் கைவினைஞரைக் கண்டார். அவர்தம் வேலைகள் நலிந்து வருதலையும் கண்டார். அவற்றைப்பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூல், இங்கிலாந்தின் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சிலேயே 425 பிரதிகள் அச்சிடப்பட்டது. கைவினையைக் கூறிய நூலும் கைவினையாயிற்று. பயனும் அழகும் பிரியுமிடத்து இரண்டுமே கெடும் என்பது அவர் கொள்கை.

சோழர் காலத்து நடராசர் படிமங்களை இன்று உலகத்து அரும்பொருட்சாலைகள் போற்றுகின்றன. மெழுகில் உருவமைத்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகியொழிந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்தவர் தொழிலாளரே. வேட்டைத் திருவிழாவிற் பாயும் குதிரையும் அத்தகையதே. தோளிற் சுமக்கத்தக்க அளவு பாரம், முறியாத உறுதி, விளக்கொளியில் உயிர்பெறும் தோற்றம் ஆகிய மூன்றையும் ஓர் உளி தேடவேண்டும்.

பெயரில் என்ன உண்டு என்பார் உளர். மதிப்பும் கூலியும் பெயரைத் தொடர்ந்தன்றோ செல்கின்றன? சிற்பிக்கு மேடையிற் பொன்னாடை. தச்சருக்கு முற்றத்திலே தேநீர். இதனைக் காணும் மகன் உளியைத் தொட நாணுவானாயின் குற்றம் அவனுடையதன்று. எல்லா வேலையும் கலையே என நாம் கூறவில்லை. கோடு வேண்டுமாயின், நல்ல வேலைக்கும் அலட்சிய வேலைக்கும் இடையே இடுவோம்.

மறுநாள் கரும்பலகைக் கோட்டை மாணவர் முன்னிலையிலே அழித்தோம். வாகனத்திற்கு மரந் தேர்வது முதல் கண் திறப்பது வரை விளக்குமாறு அம்மாணவனை அழைத்தோம். அன்று அவன் ஆசிரியன். நாம் வாங்கில் அமர்ந்திருந்தோம்.

பெற்றோரே, அடுத்த திருவிழாவில் வாகனத்தைக் காட்டும்போது, அதைச் செய்தவரின் பெயரையும் கேட்டறிந்து உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.