வண்டியில் கோடு விழுந்துவிட்டதா? பட்டறைக்கு ஓடாதீங்க... முதலில் நகத்தால் தடவிப் பாருங்க!

சென்னை:
ஆசை ஆசையாய் தவணையில் வாங்கிய வண்டி. கடை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள், பக்கத்தில் நின்றவர் தன் வண்டியை எடுக்கும்போது ஹேண்டில்பாரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருப்பார். ஆளைக் காணோம். பெட்ரோல் டேங்கில் வெள்ளைக்கோடு மட்டும் இருக்கும்.

அந்தக் கோபத்தோடு பெயிண்டிங் பட்டறைக்குப் போனால், முழு பேனலும் அடித்தால்தான் கலர் சேரும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பில் போடுபவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது எல்லா நேரமும் பொய் இல்லை. ஆனால் பாதிக் கோடு வீட்டு வாசலிலேயே மறைந்துவிடும். எது மறையும், எது மறையாது என்பதுதான் விஷயம்.

நகம் சொல்லும் சேதி

கம்பெனி பெயிண்ட் ஒரே பூச்சு அல்ல. தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத 'கிளியர் கோட்'. வண்டி பளபளப்பது இதனால்தான். கார்களில் இதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான். 1 மில்லி மீட்டருக்கு 1,000 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், தலைமுடி பருமன் கூட இல்லை.

கோட்டின் குறுக்கே விரல் நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது, நீங்களே சரி செய்யலாம். நகம் மாட்டினால் ஆழம் அதிகம். இன்னொரு வழி, கோட்டின் மேல் தண்ணீர் தெளிப்பது. ஈரத்தில் கோடு மறைந்தால் மேலாகத்தான் கீறியிருக்கிறது.

சில நேரம் அது கீறலாகவே இருக்காது. உரசிய ஆட்டோவின் மஞ்சள் பெயிண்ட் நம் வண்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதுவும் காம்பவுண்டில் போய்விடும். அதற்காக தின்னர் ஊற்றித் துடைக்காதீர்கள். ஏற்கனவே ரீபெயிண்ட் செய்த வண்டி என்றால் தின்னரோடு சேர்ந்து நம்ம கலரும் கரைந்து வரும்.

தேய்க்கும் முறை

ஜி.பி.ரோடு மாதிரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் 'ரப்பிங் காம்பவுண்ட்' என்று கேட்டால் கிடைக்கும். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு டப்பா ரொம்ப நாள் வரும்.

முதலில் ஷாம்பு தண்ணீரால் மண் போக கழுவுங்கள். மண்ணோடு தேய்த்தால் ஒரு கோடு நூறு கோடாகும். வெயிலில் நிறுத்தி சூடான வண்டியில் கை வைக்க வேண்டாம், காம்பவுண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். நிழலில் ஆற விட்டு, தையல் இல்லாத பழைய பனியன் துணியில் பட்டாணி அளவு எடுத்து, கோடு இருக்கும் இடத்தில் மட்டும் லேசாகத் தேய்க்க வேண்டும். இருபது முப்பது தடவை தேய்த்ததும் துடைத்துப் பாருங்கள். கோடு மங்கியிருந்தால் இன்னொரு முறை.

நடுவில் துணியையும் கவனியுங்கள். வண்டியின் கலர் துணியில் ஏறினால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஒன்று, அந்த வண்டிக்கு கிளியர் கோட் கிடையாது; அல்லது அது தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓரம், மடிப்புகளில் பெயிண்ட் மெல்லிசு என்பதால் அங்கே அழுத்தம் ஆகாது. முடிந்ததும் வேக்ஸ் பாலிஷ் போட்டுவிட்டால் போதும். காம்பவுண்ட் என்பது மேல் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக சுரண்டி எடுக்கும் சமாச்சாரம். மாதாமாதம் போட்டால் வண்டி பளபளப்பாகாது, வெளுத்துப் போகும்.

டூத் பேஸ்ட் போட்டால் போகுமா என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளை பேஸ்டில் ரொம்ப லேசான கோடு மங்கும், ஜெல் பேஸ்டில் ஒன்றும் நடக்காது. பாத்திரம் தேய்க்கும் நாரும் பவுடரும் பக்கத்திலேயே வரக்கூடாது. 'மேட் பினிஷ்' வண்டிக்கு காம்பவுண்ட், பாலிஷ் எதுவுமே கூடாது. தேய்த்த இடம் மட்டும் திட்டாகப் பளபளத்து, கோட்டை விட அசிங்கமாகத் தெரியும்.

விற்கும்போது தெரியும்

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்க வருபவர் முதலில் பார்ப்பது கம்பெனி பெயிண்டா, ரீபெயிண்டா என்றுதான். ஒரு பேனல் மட்டும் புதுசாக மின்னினால், அடிபட்ட வண்டியோ என்று சந்தேகப்பட்டு விலையைக் குறைப்பார். இன்சூரன்சில் வாங்கலாமே என்றால், அதிலும் கணக்கு இருக்கிறது. ஒரு வருடம் கிளெய்ம் செய்யாமல் இருந்தால் வண்டி சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து 5 வருடம் என்றால் 50 சதவீதம். சின்னக் கீறலுக்காக அதை இழக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பல வண்டிகளில் கோடு போடுவது பக்கத்து வண்டிக்காரர் இல்லை. காலையில் அவசரத்தில் காய்ந்த துணியால் தூசியைத் தட்டித் துடைக்கிறோமே, அந்தத் தூசிதான். கொத்துச் சாவி, பெல்ட் பக்கிள் எல்லாம் அப்புறம்.

தகரம் தெரிந்தால்...

நகம் மாட்டி, உள்ளே தகரமும் பளிச்சென்று தெரிந்தால் காம்பவுண்ட் பிரயோஜனம் இல்லை. அதைத் தள்ளியும் போடாதீர்கள். ராயபுரம், திருவான்மியூர் மாதிரி கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் சீக்கிரமே துரு ஏறி, பக்கத்துப் பெயிண்டையும் தூக்கிவிடும். பிளாஸ்டிக் பேனல் என்றால் துரு பயம் இல்லை. தகர பாடிக்கு, வண்டியின் கலர் கோடைச் சொல்லி டச்-அப் பெயிண்ட் வாங்கி, துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிய பிரஷால் தொட்டு வைக்கலாம். அது கைக்கு வரும் வரை, வீட்டில் இருக்கும் நிறமில்லாத நெயில் பாலிஷை ஒரு சொட்டு வைத்தால் மழைத் தண்ணீர் தகரத்தில் படாது.