கடலூர் காட்டிய வழி பாகூருக்கு எட்டாததா?

2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வீட்டிலும் தெருவிலும் தமிழே பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சுமை கூடியது. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை. மணிக்கணக்கு சரி, அந்த மணிகளில் யாருடைய கேள்விக்கு விடை தேடுகிறோம்?

ஆசிரியரே தன் வகுப்பின் கேள்விக்கு விடை தேடுவதற்குப் பாகூரை அடுத்த கடலூரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு நடத்திய, ஆங்கிலம் கற்பிக்கும் பெங்களூர் திட்டத்தில் கடலூர் வகுப்பறையும் சேர்ந்திருந்தது. இலக்கணத்தை நேரடியாக நடத்தாமல், ரயில் அட்டவணை போன்ற ஒன்றைக் கொடுத்து, ஒரு பணியை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து செய்வார்; அதேபோன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தனியே செய்ய வேண்டும். வகுப்பில் பாதிப் பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்யாவிட்டால், அது கடினம் என்று மாற்றியமைப்பார்கள். ஆசிரியர் தன் வகுப்பில் செய்யும் ஆய்வு என்றால் இவ்வளவுதான்.

ஒரே வகுப்பை வைத்து என்ன நிரூபிக்க முடியும் என்பார்கள். உலகத்துக்கு ஒன்றும் நிரூபிக்க வேண்டாம். நாளைய பாடத்தைத் திருத்த அது போதும். நேரமில்லை என்ற குறையில் நியாயம் உண்டு. பதிவேடும் புள்ளிவிவரமும் பாதி நாளைத் தின்கின்றன. ஆனால் நேரம் மட்டும் போதாது: பெங்களூர் திட்டத்தை வெளியிலிருந்து வந்த ஆசிரியர்கள் உள்வாங்கிய அளவுக்கு வழக்கமான பள்ளி ஆசிரியர்கள் உள்வாங்கவில்லை என்று அதைப் பின்னர் ஆராய்ந்த ஆய்வாளர் பெரெட்டா கண்டார். வில்லியனூருக்கும் முறையை மட்டும் அனுப்பினால் அதே கதைதான். பயிற்சியின் சில மணிகளை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடித் தங்கள் மாணவர் நோட்டுகளையே விரித்துப் பேச விட்டுவிடலாம்.