கதவு திறந்த கதை – 7: பிழைகளைப் படித்த பேராசிரியை

நியூயார்க் சிட்டி காலேஜ் 1847-ல் தொடங்கப்பட்ட நாளிலிருந்து நெடுங்காலம் அங்கே கட்டணம் கிடையாது. கப்பலேறி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் கையில் காசில்லாமல் உள்ளே போய் டாக்டராகவும் விஞ்ஞானியாகவும் வெளியே வந்தார்கள். போலியோ தடுப்பூசியைக் கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் அவர்களில் ஒருவர். 'பாட்டாளிகளின் ஹார்வர்டு' என்று அந்தக் கல்லூரிக்குப் பட்டப்பெயரே உண்டு.

1960-களில் அதே கல்லூரியில் ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. கல்லூரி இருப்பது நகரத்தின் ஹார்லெம் பகுதியில். சுற்றுவட்டாரத்தில் வசிப்பவர்கள் கறுப்பினத்தவர்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும். வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களோ பெரும்பாலும் வெள்ளையர்கள்.

கட்டணம் இல்லைதான், ஆனால் கட் ஆஃப் இருந்தது. இடம் கேட்பவர்கள் பெருகப் பெருக அது ஏறிக்கொண்டே போனது. ஹார்லெம் பள்ளிகளிலோ நெரிசல். நிலையான ஆசிரியர்களுக்குப் பஞ்சம். கல்லூரிக்குப் போவதற்கான பாடப்பிரிவில் சேர்க்காமல், பல பிள்ளைகளைத் தொழிற்பிரிவுக்குத் தள்ளிவிடும் வழக்கமும் இருந்தது. அந்தப் பிள்ளைக்குக் கட்டணமில்லாக் கல்லூரி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து என்ன பயன்?

1965-ல் சிட்டி காலேஜ் ஒரு சிறிய முயற்சியில் இறங்கியது. மதிப்பெண்ணில் பின்தங்கிய, ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த சில மாணவர்களைத் தனித் திட்டத்தின் கீழ் சேர்த்துக்கொண்டது. பொறுப்பேற்றவர் லெஸ்லி பெர்கர் என்ற உளவியலாளர். மறு ஆண்டே நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. சட்டமன்றத்தில் அதற்காக உழைத்தவர்களில் பெர்சி சட்டனும் ஷெர்லி சிஸம் அம்மையாரும் முக்கியமானவர்கள். சிஸம்தான் 1968-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். திட்டத்தின் பெயர் 'சீக்'. கல்வி, உயர்வு, அறிவு ஆகியவற்றுக்கான தேடல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

சேர்க்கையோடு கைகழுவிவிடாததுதான் சீக்கின் சிறப்பு. அடிப்படை ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் தனி வகுப்புகள், ஒவ்வொரு மாணவருக்கும் ஆலோசகர், புத்தகச் செலவு, அதற்கு மேல் கைச்செலவுக்கு உதவித்தொகை. வீட்டில் படிக்க இடமில்லாதவர்கள் சிலருக்கு, பிராட்வே தெருவில் இருந்த அலமாக் ஹோட்டலில் தங்குவதற்கு அறையும் கொடுத்தார்கள்.

உதவித்தொகை எதற்கு என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. சம்பாதிக்கும் வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போனால் ஏழை வீட்டுக்கு இரண்டு நஷ்டம். ஒன்று, படிப்புக்கு ஆகும் செலவு. இன்னொன்று, வராமல் போகும் சம்பளம். கட்டணத்தை ரத்து செய்தால் முதல் நஷ்டத்தில் ஒரு பகுதி தீரும். இரண்டாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சீக் எடுத்தது.

1969 ஏப்ரல் 22. கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் கல்லூரியின் தெற்கு வளாகத்தைக் கைப்பற்றி வாயிலைப் பூட்டினார்கள். 'ஹார்லெம் பல்கலைக்கழகம்' என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகள் ஐந்து. சீக் திட்டத்துக்கு யாரை வேலைக்கு எடுப்பது என்பதில் சீக் மாணவர்களுக்கும் பங்கு வேண்டும் என்பது ஒன்று. நகரத்துப் பள்ளிகளில் எந்த இனத்தார் எவ்வளவு பேரோ, கல்லூரியின் புதுமுக வகுப்பிலும் அந்த அளவு இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டு வாரம் நீடித்த போராட்டத்தின் முடிவில் கல்லூரித் தலைவர் புயெல் கல்லகர் பதவி விலகினார். 1975-ல் வருவதாக இருந்த 'எல்லாருக்கும் இடம்' என்ற கொள்கை 1970-லேயே நடைமுறைக்கு வந்தது. நகரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த யாருக்கும், சிட்டி காலேஜையும் உள்ளடக்கிய நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதாவதொரு கல்லூரியில் இடம் உறுதி. முந்தைய ஆண்டு சுமார் 20,000 பேர் சேர்ந்த இடத்தில் அந்த ஆண்டு 35,000 பேர் வந்தார்கள்.

வந்தவர்களின் கட்டுரைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்த பேராசிரியர்கள் மிரண்டுபோனார்கள். வரிக்கு வரி பிழை. இவர்களைக் கல்லூரியில் சேர்த்ததே தவறு என்று சிலர் வெளிப்படையாகவே பேசினார்கள். மினா ஷாக்னஸி அப்படி நினைக்கவில்லை.

தெற்கு டகோட்டாவின் ஒரு சுரங்க ஊரில் பிறந்த ஷாக்னஸி, 1967-ல் சீக் திட்டத்தில் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கவிஞர்கள் ஏட்ரியன் ரிச், ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன் ஆகியோரும் அங்கே அதே வேலையைப் பார்த்தவர்கள்தான். 1970 முதல் 1974 வரை புதுமுக மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை ஷாக்னஸி எடுத்து வைத்துக்கொண்டு, பிழை பிழையாகப் படித்தார். பிழையைச் சுழிப்பதோடு நிறுத்தாமல், அது எங்கிருந்து வந்தது என்று தேடினார்.

தேடியதில் பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது. முன்னால் எண்ணைச் சொன்ன பிறகு பின்னால் பன்மை விகுதி எதற்கு என்று மாணவன் அதை விட்டுவிடுகிறான். 'இரண்டு வீடு', 'பத்து புத்தகம்' என்று பேசும் நமக்கு இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆங்கில எழுத்து வழக்கில் அது பிழை; அவ்வளவுதான். ஷாக்னஸி காட்டிய இன்னொரு கணக்கு அதைவிட முக்கியம். நடுத்தர வர்க்கப் பள்ளியில் படித்தவன் வாரத்துக்கு 350 சொற்கள் எழுதிப் பழகியிருப்பான் என்றால், இந்த மாணவன் ஒரு செமஸ்டருக்கே 350 சொற்கள்தான் எழுதியிருப்பான். அப்படியென்றால் குறை அறிவில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பழக்கத்தைக் கல்லூரியால் கொடுக்க முடியும். ஆனால் அதற்குமுன், தனக்கும் இந்த மாணவர்களிடமிருந்து கற்க வேண்டியது உண்டு என்பதை ஆசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆய்வு 1977-ல் நூலாக வந்தது. அதற்குள் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்திருந்தது. 1976 கோடையில் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் பல்கலைக்கழகத்தையே இரண்டு வாரம் மூடினார்கள். 129 ஆண்டுகளாக இல்லாத கட்டணம் அந்த ஆண்டு வந்தது. கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் பெருமளவில் உள்ளே வந்து ஆறே ஆண்டுகளில்! ஆசிரியர்கள் பலருக்கு வேலை போனது. 1978-ல் ஷாக்னஸி புற்றுநோயால் இறந்தார். வயது 54.

'தரம் கெட்டது, பாதிப் பேர் பட்டமே வாங்கவில்லை' என்ற பேச்சு அதன்பிறகும் ஓயவில்லை. டேவிட் லாவின், பால் அட்டவெல் என்ற இரு சமூகவியலாளர்கள், 1970 முதல் 1972 வரை சேர்ந்த பெண்களை முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய்ப் பேசினார்கள். அவர்களின் நூல் 2007-ல் வெளிவந்தது. அந்தப் பெண்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கடைசியில் ஏதேனும் ஒரு பட்டம் வாங்கியிருந்தார்கள். வேலை, கல்யாணம், பிரசவம் என்று நடுவில் நின்று, பத்து ஆண்டுக்கு மேல் கழித்து முடித்தவர்களும் அதில் கணிசம். படித்த அம்மாக்களின் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் மேலே வந்திருந்தார்கள்.

நான்காம் ஆண்டில் தலையை எண்ணிப் பார்த்து, திட்டம் தோற்றது என்று எழுதியவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளையின் காலண்டரை ஏழைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டார்கள். ஏழைகளுக்கான கல்லூரித் திட்டத்தை எடைபோட எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, லாவினும் அட்டவெல்லும் தந்த பதில் ஒரு தலைமுறை.

அவ்வளவு நாள் காத்திருக்க எந்த அரசுக்கும் பொறுமை இருக்காது. அதனால்தான் அதே பல்கலைக்கழகம் 2007-ல் வேறொரு வழியை முயன்றது. கட்டணத்தோடு ரயில், பஸ் பயண அட்டையையும் கொடுத்து, மூன்றே ஆண்டில் பட்டம் வாங்கவைக்கப் பார்த்தது. அது பலித்ததா? அடுத்த வாரம்.

(தொடரும்)