அடி இலை சொல்லும் சேதி

தக்காளித் தோட்டத்துக்குள் நுழைந்ததும் நம் கண் பழத்துக்குப் போகும்; அடுத்து பூவுக்கு. மண்ணை ஒட்டித் தொங்கும் அடி இலையைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. 'பழுத்த இலைதானே, உதிரட்டும்' என்று விட்டுவிடுகிறோம். முன்பருவ இலைக்கருகல் நோய் காலை ஊன்றுவது சரியாக அந்த இடத்தில்தான்.

ஆல்டர்னேரியா என்ற பூஞ்சாணம்தான் இதற்குக் காரணம். தக்காளி, உருளை இரண்டையும் தாக்கும். கத்தரிக் குடும்பத்தின் மற்ற செடிகளையும் விடாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1882-ல் பதிவான இந்த நோயை, இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாத் உருளை இலைகளில் 1903-ல் கண்டு எழுதியவர் தாவர நோய் ஆய்வாளர் பட்லர்.

வட்டத்துக்குள் வட்டம்

குளத்தில் கல் விழுந்தால் அலை வட்டம் வட்டமாக விரியுமே, அப்படி ஒரு கரும்பழுப்புப் புள்ளி. அதைச் சுற்றி மஞ்சள் விளிம்பு. பூஞ்சாணம் சுரக்கும் நச்சு, தான் இன்னும் தொடாத திசுவையும் வெளுக்க வைப்பதால் வரும் மஞ்சள் அது. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர, இலை காய்ந்து உதிரும். நோய் அடியிலிருந்து மேலே படிப்படியாக ஏறும்.

இலை கொட்டிய தக்காளிச் செடியில் பழத்துக்கு நிழல் இல்லை. வெயில் பட்டுத் தோல் வெளுத்த பழத்தைச் சந்தையில் கழித்துத் தள்ளுவார்கள். காம்புப் பக்கம் கறுத்து அமுங்கிய பழங்களும் கூடவே வரும். நாற்றில் வந்தால் தண்டின் அடி கறுத்துச் செடியே சாயும். உருளையில் இலைப்பரப்பு குறைவதால் கிழங்கு பருக்காது. சில கிழங்குகளில் தோல் அமுங்கி, உள்ளே தக்கைபோலக் காய்ந்த அழுகல் இருக்கும்.

'முன்பருவம்' என்ற பெயரைக் கேட்டு, இளம்பயிரில் மட்டும் வரும் நோய் என்று நினைத்துவிடக் கூடாது. காய் பிடித்து, சத்தெல்லாம் காய்க்கே போய், இலை களைத்திருக்கும் நேரம்தான் இதற்குக் கொண்டாட்டம். தழைச்சத்து பற்றாமல் வாடும் பயிரில் வேகம் இன்னும் கூடும்.

எந்தக் கருகல்?

கடைக்குப் போய், 'கருகல் வந்துடுச்சு, மருந்து குடுங்க' என்று கேட்பதில்தான் முதல் தவறு. கருகலில் இரண்டு வகை உண்டு. 1845-ல் அயர்லாந்தின் உருளை வயல்களை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது பின்பருவக் கருகல். நீலகிரி போன்ற குளிர்ந்த, ஈரமான மலைகளில் அதன் ஆட்டம் அதிகம். அதில் வளையம் இருக்காது. நீரில் ஊறியது போன்ற திட்டுகள் வரும், ஈரமான காலையில் இலையின் அடியில் வெண்மையாகப் பூத்திருக்கும். முன்பருவக் கருகலுக்குப் பிடித்தது 24 முதல் 29 டிகிரி வெப்பம். இரவில் பனி, பகலில் வெயில் என்று இலை நனைந்தும் காய்ந்தும் இருந்தால் போதும், வித்துகள் பெருகிக் காற்றிலும் மழைத்துளி தெறிப்பிலும் பரவும்.

பின்பருவக் கருகலை உண்டாக்குவது உண்மையில் பூஞ்சாணமே அல்ல. பூஞ்சாணம்போலத் தோன்றும் வேறோர் உயிரினம். அதைக் குறிவைத்த மெட்டலாக்சில், ஆல்டர்னேரியாவை ஒன்றும் செய்யாது. நோய் தெரியாமல் அடித்தால் காசு போகும், நோய் நிற்கும்.

மருந்துக்கு முன்னால்

ஆல்டர்னேரியா காய்ந்த சருகிலும் மண்ணிலும் அடுத்த பருவம்வரை உயிரோடு கிடக்கும். அதனால் வேலை அறுவடை முடிந்த அன்றே தொடங்குகிறது. நோய் கண்ட செடிகளை வரப்பில் குவிக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். தக்காளி போட்ட நிலத்தில் உடனே கத்தரியோ மிளகாயோ உருளையோ வேண்டாம். தானியமோ பயறோ போடலாம். வரப்பில் தானாக முளைக்கும் மணத்தக்காளியும் இதற்குப் புகலிடம்தான்.

குச்சி ஊன்றிக் கட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்று புகுந்து ஈரம் சீக்கிரம் காயும். நிலப்போர்வை போட்டால் மண் தெறிக்காது. தெளிப்பு நீரைவிடச் சொட்டுநீர் நல்லது. ரகத்திலும் வழி உண்டு: பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் தக்காளி, இலைச்சுருட்டை நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கப்பட்டது.

இத்தனைக்கும் பிறகு புள்ளி தெரிந்தால் மேன்கோசெப்பை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். ஆனால் அது காவல்காரன், வைத்தியன் அல்ல. இலைமேல் படிந்திருந்து வித்து முளைக்காமல் தடுக்கும். உள்ளே புகுந்த பூஞ்சாணத்தை வெளியேற்றாது. அசாக்சிஸ்ட்ரோபின் போல ஊடுருவும் மருந்துகளையே திரும்பத் திரும்ப அடித்தால், பூஞ்சாணம் அவற்றுக்குப் பழகிவிடும். அமெரிக்க உருளை வயல்களில் அதுவே நடந்தது. மருந்துவகையை மாற்றி மாற்றி அடியுங்கள். உறையில் போட்டிருக்கும் இடைவெளி நாள் கழியாமல் பழம் பறிக்காதீர்கள்.

வாரம் இரண்டு முறை, தோட்டத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் குனிந்து அடி இலையைத் திருப்பிப் பாருங்கள். முதல் வளையம் அங்கே கண்ணில் பட்டால் நோயைத் தொடக்கத்திலேயே அடக்கலாம். நுனி இலையில் பார்த்த பிறகு கடைக்கு ஓடினால், அந்தப் போகத்தின் கணக்கில் மருந்துச் செலவு மட்டும்தான் மிஞ்சும்.