அக்சும் இராச்சியம்

அக்சும் இராச்சியம் என்பது ஏறத்தாழ கி.பி. 1ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரை கிழக்கு ஆப்பிரிக்காவில் செழித்திருந்த பண்டைய அரசாகும். இன்றைய எத்தியோப்பியாவின் வடபகுதியும் எரித்திரியாவும் இதன் மையப் பகுதிகளாக இருந்தன. திக்ரே மலைநாட்டில் அமைந்த அக்சும் நகரம் இதன் தலைநகர். செங்கடல் கரையிலிருந்த அதுலிஸ் இதன் முதன்மைத் துறைமுகம். 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரசீக சமயத் தலைவர் மானி, உலகின் நான்கு பேரரசுகளைக் குறிப்பிடும்போது பாரசீகம், உரோமை ஆகியவற்றுடன் அக்சுமையும் சேர்த்துக் கூறியதாக அவரது மாணவர்களின் நூல் தெரிவிக்கிறது.

4ஆம் நூற்றாண்டில் கிறித்தவ சமயத்தை ஏற்ற தொடக்ககால அரசுகளுள் அக்சும் ஒன்று. இம்மாற்றம் எவ்வாறு நடந்தது என்பதை அக்காலத்து நாணயங்களும் கல்வெட்டுகளும் நேரடியாகக் காட்டுகின்றன. அரசனின் சமயம் மாறியதும் நாடு முழுவதும் ஒரே நாளில் மாறிவிட்டது என்று பொதுவாக எண்ணப்படுவது சரியன்று என்பதையும் இச்சான்றுகளிலிருந்தே அறியலாம்.

வணிகம்

1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்' என்னும் கடல்வழி வணிகக் கையேடு, அதுலிஸ் துறைமுகத்தையும் அங்கிருந்து எட்டு நாள் பயணத் தொலைவிலிருந்த அக்சும் நகரையும் குறிப்பிடுகிறது. முசிறி முதலிய தென்னிந்தியத் துறைமுகங்களை விவரிப்பதும் இதே நூல்தான். யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமை ஓடு ஆகியவை அதுலிஸிலிருந்து ஏற்றுமதியாயின. இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து இரும்பும் எஃகும் பருத்தித் துணியும் அங்கு வந்து இறங்கின.

6ஆம் நூற்றாண்டில் அதுலிஸுக்குச் சென்ற கோஸ்மாஸ் என்னும் வணிகர், அக்சும் வணிகர்கள் தெற்கே சென்று பொன் வாங்கிய முறையை எழுதியுள்ளார். அவர்கள் இறைச்சி, உப்பு, இரும்பு ஆகியவற்றை முள்வேலியின் மேல் வைத்துவிட்டு விலகி நிற்பர். அவ்வூர் மக்கள் வந்து, தாம் விரும்பும் பொருளின் மேல் பொற்கட்டிகளை வைத்துச் செல்வர். அந்த அளவு பொன் போதுமென்று தோன்றினால் வணிகர் அதை எடுத்துக்கொள்வர். போதாதெனில் பொன்னைத் தொடாமல் காத்திருப்பர். இரு தரப்பினரும் ஒரு சொல்லும் பேசாமலே வணிகம் முடிந்துவிடும்.

ஆட்சி முறை

அக்சும் மன்னர்கள் 'அரசர்க்கு அரசர்' என்னும் பட்டத்தைச் சூடினர். வென்ற நாடுகளின் சிற்றரசர்களை நீக்காமல், அவர்களிடம் திறை பெற்று ஆள்வதே வழக்கமாக இருந்தது. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட எசானா மன்னனின் கல்வெட்டு ஒன்று, கலகம் செய்த பேஜா இனத்தவரின் ஆறு தலைவர்களை வென்றதைக் கூறுகிறது. தோற்றவர்கள் கொல்லப்படவில்லை. அவர்களுக்கு உணவும் கால்நடைகளும் உடையும் கொடுத்து, வேறொரு பகுதியில் குடியமர்த்தியதாக அக்கல்வெட்டு தெரிவிக்கிறது. அதே மன்னனின் மற்றொரு கல்வெட்டு, நைல் பள்ளத்தாக்கில் நோபா மக்களின் ஊர்களை எரித்து அழித்ததைப் பெருமையாகப் பதிவு செய்கிறது.

கிறித்தவத்திற்கு முன் எழுப்பப்பட்ட ஒற்றைக்கல் தூண்கள் அரசின் செல்வத்திற்கும் ஆட்பலத்திற்கும் சான்றாகும். பல மாடி வீடு போலத் தோன்றும்படி பொய்க்கதவும் சாளரங்களும் இவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. இவை அரச கல்லறைகளின் அடையாளங்கள். மிகப் பெரியது 33 மீட்டர் நீளமுடையது. அது இன்று விழுந்து உடைந்து கிடக்கிறது. சுமார் 24 மீட்டர் உயரமுள்ள மற்றொரு தூணை 1937இல் இத்தாலியர் உரோமுக்குக் கொண்டுசென்றனர். அது 2005இல் திருப்பி அனுப்பப்பட்டு, 2008இல் அக்சுமில் மீண்டும் நிறுவப்பட்டது.

நாணயங்கள்

3ஆம் நூற்றாண்டின் இறுதியில் எண்டுபிஸ் என்னும் மன்னன் பொன், வெள்ளி நாணயங்களை வெளியிட்டான். பின்னர் செப்பு நாணயங்களும் வந்தன. மன்னனின் பக்கவாட்டு முகமும் அதன் இருபுறமும் தானியக் கதிர்களும் பொன் நாணயங்களில் வழக்கமாகக் காணப்படும். மேலே பிறையும் வட்டும் பொறிக்கப்பட்டிருந்தன. இவை பழைய சமயத்தின் சின்னங்கள்.

பொன் நாணயங்களில் எழுத்து பெரும்பாலும் கிரேக்கம். செங்கடல் வணிகத்தில் அனைவரும் அறிந்த மொழி அதுவே. உள்நாட்டில் புழங்கிய வெள்ளி, செப்பு நாணயங்களில் காலப்போக்கில் நாட்டு மொழியான கீயெஸ் இடம்பெற்றது. நாணயத்தை யார் கையில் எடுப்பார் என்பதைப் பொறுத்து மொழி தேர்ந்தெடுக்கப்பட்டது எனலாம்.

எசானாவின் ஆட்சிக் காலத்தில் பிறை மறைந்து, அதே இடத்தில் சிலுவை வந்தது. மன்னனின் முகமும் கதிர்களும் முன்போலவே தொடர்ந்தன.

கிறித்தவ சமயத்தின் வருகை

உரூபினுஸ் என்னும் திருச்சபை வரலாற்றாசிரியர் தரும் செய்தி இது: தீர் நகரைச் சேர்ந்த புருமென்டியஸ், எடேசியஸ் என்னும் இரு இளைஞர்கள் கப்பலில் சென்றபோது கரையில் தாக்குதல் நடந்தது. மற்றவர்கள் கொல்லப்பட, இவ்விருவரும் அரசவைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்குப் பணிபுரிந்து நம்பிக்கைக்குரியவர்களாயினர். மன்னன் இறந்தபின், இளவரசன் வளரும்வரை ஆட்சியில் அரசிக்குத் துணைநின்றனர். பின்னர் புருமென்டியஸ் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குச் சென்று, அந்நாட்டிற்கு ஓர் ஆயரை அனுப்புமாறு வேண்டினார். அத்திருச்சபையின் தலைவர் அத்தனாசியார் அவரையே ஆயராக நியமித்து அனுப்பினார்.

இதில் அரசியலும் கலந்திருந்தது. உரோமைப் பேரரசன் இரண்டாம் கான்ஸ்தாந்தியுஸ் சமயக் கொள்கையில் அத்தனாசியாருக்கு எதிரானவன். 356ஆம் ஆண்டளவில் அவன் எசானாவுக்கும் அவன் உடன்பிறந்தானுக்கும் மடல் எழுதி, புருமென்டியஸைத் திருப்பி அனுப்பக் கோரினான். அக்சும் இதற்கு இணங்கியதாகத் தெரியவில்லை. எத்தியோப்பியத் திருச்சபை அத்தனாசியாரின் மரபிலேயே தொடர்ந்தது.

எசானாவின் கல்வெட்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் மாற்றத்தின் படிகள் தெரிகின்றன. முந்தையவற்றில் அவன் தன்னைப் போர்க்கடவுளான மக்ரெமின் மகன் என்கிறான். பிந்தைய கீயெஸ் கல்வெட்டில் 'விண்ணுலகின் ஆண்டவர்' என்னும் பொதுவான பெயரே வருகிறது. பழைய நம்பிக்கையுடைய குடிமக்களுக்கும் அச்சொல் அந்நியமாக இருந்திராது. ஆனால் அயல்நாட்டாரும் படிக்கக்கூடிய கிரேக்கக் கல்வெட்டில் தந்தை, மகன், தூய ஆவி ஆகிய பெயர்கள் வெளிப்படையாக உள்ளன. ஒரே மன்னன் இரு வகை வாசகர்களுக்கு இரு வகையாக எழுதியிருக்கிறான். நாட்டுப்புறங்களில் சமயம் வேரூன்ற மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 'ஒன்பது புனிதர்கள்' எனப்படும் துறவியர் மடங்களை நிறுவிப் பணியாற்றியது அதன்பின்னரே என்று மரபு கூறுகிறது.

கீயெஸ் எழுத்து

எசானா காலத்தை ஒட்டிக் கீயெஸ் எழுத்தில் உயிர் ஒலிகளைக் காட்டும் முறை வந்தது. அதற்கு முன் மெய்யெழுத்துகள் மட்டுமே எழுதப்பட்டன. புதிய முறையில் ஒவ்வொரு மெய்யின் வடிவமும் அதனுடன் சேரும் உயிருக்கேற்பச் சிறிது மாறும். தமிழ் உயிர்மெய் வரிசையைக் கற்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விவிலியம் இம்மொழியில் பெயர்க்கப்பட்டது. ஏனோக்கு நூல் முழுமையாகக் கிடைப்பது இம்மொழியில் மட்டுமே.

காலெப் மன்னனும் ஹிம்யர் போரும்

செங்கடலின் மறுகரையில், இன்றைய ஏமனில், ஹிம்யர் அரசு இருந்தது. யூத சமயத்தைத் தழுவிய அதன் மன்னன் யூசுப் து நுவாஸ், 523இல் நஜ்ரான் நகரில் கிறித்தவர்களைக் கொன்றான். அக்சும் மன்னன் காலெப், பைசாந்தியப் பேரரசின் ஆதரவுடன் 525ஆம் ஆண்டளவில் படையெடுத்து அவனை வீழ்த்தினான். சில ஆண்டுகளில் ஆப்ரகா என்னும் படைத்தலைவன் ஏமனைக் கைப்பற்றித் தனித்து ஆண்டான்.

பாரசீகர் இல்லாமலே இந்தியாவிலிருந்து பட்டு வாங்கித் தருமாறு பைசாந்தியப் பேரரசன் ஜஸ்டினியன் அக்சுமைக் கேட்டான். இந்தியக் கப்பல்கள் வந்து சேரும் துறைமுகங்களிலேயே பாரசீக வணிகர்கள் சரக்கு முழுவதையும் வாங்கிவிட்டதால் அம்முயற்சி பலிக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் எழுதுகிறார்.

வீழ்ச்சி

570ஆம் ஆண்டளவில் பாரசீகர் ஏமனைக் கைப்பற்றினர். 615ஆம் ஆண்டளவில், மெக்காவில் துன்புறுத்தப்பட்ட முகமது நபியின் தோழர்களில் சிலருக்கு அக்சும் மன்னன் அடைக்கலம் தந்தான் என்று இசுலாமிய மரபு நன்றியுடன் நினைவுகூர்கிறது. 7ஆம் நூற்றாண்டில் செங்கடல் வணிகம் அக்சுமின் கையைவிட்டுப் போனது. நாணயங்கள் நின்றன; அதுலிஸ் அழிந்தது; அரசின் மையம் தெற்கே நகர்ந்தது. மண்வளம் குன்றியதும் காடுகள் அழிந்ததும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

மரபு

அரசு மறைந்தபின்னும் அது ஏற்ற சமயம் நிலைத்தது. 1959 வரை எத்தியோப்பியத் திருச்சபையின் தலைமை, புருமென்டியஸ் காலத்தைப் போலவே, அலெக்சாந்திரியாவைச் சார்ந்திருந்தது. அத்திருச்சபையின் வழிபாட்டில் கீயெஸ் மொழி இன்றும் ஒலிக்கிறது. 1980இல் அக்சும் நகரம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.